மதியத்தில் பேசுகிறவள்

ஒலிலிம்,
14 பிப்ரவரி 1988

அன்புள்ள அண்ணன் எங்குருக்கு,

தங்கை அதேரோ எழுதுகிறேன். இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் இருமல் விட்டதா? கம்பாலாவில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை புத்தகத்தைப் பார்த்தே வயிறு நிரப்பிக்கொள்கிறாயா?

போன செப்டம்பரில் கிழக்கேயிருந்து கரமோஜாக்காரர்கள் வந்து மாடுகளை ஓட்டிப் போனதிலிருந்து தொழுவம் காலியாகக் கிடக்கிறது. சாணம் ஊறிய மண் அல்லவா, புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதை அறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவர் மண்வெட்டியால்தான் நிலத்தைக் கொத்துகிறார். "நானே மாடு, நானே ஏர்க்காரன். யாரை அதட்டுறதுன்னு தெரியல" என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்கிறார். எள் போன வருடத்தில் பாதிகூட வரவில்லை. சின்னவன் ஒகெங் தட்டம்மையிலிருந்து தேறி, இப்போது எல்லோரையும் அடிக்கிற அளவுக்கு வந்துவிட்டான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ பல்கலைக்கழகத்தில் சொற்களைத் திரட்டும் வேலையில் இருக்கிறாய் அல்லவா? எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள். எள் அரைக்க உட்கார்ந்தால், வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் அவள் வாய் வேறு ஏதோ பேச்சு பேசுகிறது. அவளுக்கே அது தெரியாது. பக்கத்தில் இருந்து கேட்டவர்கள் சொல்லித்தான் தெரியும். குரல் அவளுடையதுதான். பேச்சுதான் நம்முடையதில்லை. கொலையுண்டவனின் ஆவி, சென், அவளைப் பிடித்திருக்கிறது என்று ஊரில் சொல்கிறார்கள். அந்தச் சொற்களில் ஒன்று 'ஙாகிபி' என்பது. அடிக்கடி வருவது அதுதானாம். உனக்கு அதன் பொருள் தெரியுமா?

பேருந்து ஓட்டுநரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நேரத்துக்குத் தூங்கு.

உன் தங்கை,
அதேரோ


கம்பாலா,
9 மார்ச் 1988

அன்புள்ள அதேரோவுக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்த அன்று மதியம் நான் சாப்பிடவில்லை, சாப்பிடத் தோன்றவில்லை. இருமல் போய்விட்டது. மைத்துனருக்கும் அவர் தங்கை அகுல்லுவுக்கும் என் விசாரிப்பைச் சொல். ஒகெங்கிடம் அடி வாங்க நான் தயார் என்றும் சொல்.

நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா? இங்கே என் மேசைக்கு எதிரே ஓர் அச்சோலிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் தேநீர் வேளை வந்தால் போதும், "எங்குர், உங்க ஆளுங்க நாக்கு எங்க வீட்டுது. உடம்பு மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கிச்சு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். சிரித்தாலும் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. நாம் பேசுவது அவர்கள் பேசுகிற லுவோ மொழிதான். ஆனால் நம் பெரியவர்களைக் கேட்டால் கை கிழக்கே நீள்கிறது. ஒதுகே மலைக்கும் அப்பால் என்கிறார்கள். குலத்துக்கு நாம் சொல்கிற 'அதெக்கெரே' என்ற சொல்லைக்கூட அச்சோலிக்காரர்கள் சொல்வதில்லை. கரமோஜாக்காரர்கள் சொல்கிறார்கள். மழைச் சடங்கில் பாடுவோமே, ஒருவருக்கும் பொருள் தெரியாத அந்தப் பாட்டுகள், அவை எந்த மொழி? நம் வாயில் முன்பு வேறொரு மொழி இருந்தது, அதேரோ. அது எங்கே போனது என்று ஐந்து வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெண் சொல்வதை ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. அவள் யார், எந்தக் குலம், வயது என்ன, கிழக்கே எப்போதாவது போயிருக்கிறாளா என்பதையும் கேட்டு எழுது. இரண்டு நோட்டுப் புத்தகமும் சோப்பும் சர்க்கரையும் ஓட்டுநரிடம் கொடுத்திருக்கிறேன். சர்க்கரை குறைந்திருந்தால் எனக்குச் சொல்.

உன் அண்ணன்,
எங்குர்


ஒலிலிம்,
17 ஏப்ரல் 1988

அன்புள்ள அண்ணனுக்கு,

சர்க்கரை குறையாமல் வந்து சேர்ந்தது. சோப்பை அகுல்லு முகர்ந்து முகர்ந்தே கரைத்துவிடுவாள் போலிருக்கிறது. முதல் மழை பெய்துவிட்டது. உனக்கு உடம்பு எப்படி?

நோட்டில் எழுதி அனுப்பியிருக்கிறேன், பதினொரு சொற்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதியது அகுல்லுதான். ஒரு சொல் மட்டும் எங்களுக்கே புரிந்தது, 'தோதோ'. நாம் அம்மாவைக் கூப்பிடுகிற அதே தோதோ. அந்தப் பேச்சில் அது எப்படி வந்தது என்று அகுல்லு கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு மூன்று பிள்ளைகள். கிழக்கே ஒருநாளும் போனதில்லை. சாதாரண ஆள்தான், நீ பார்த்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். பேச்சு வந்து போன பிறகு அவளுக்கு நாக்கு வறண்டுவிடுகிறது, ஒன்றும் நினைவிருப்பதில்லை. மதியத்தில் அரைக்காமல் காலையிலேயே அரைத்துப் பார்த்தாள். அப்போதும் உச்சிவெயிலில், கையில் வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்துவிட்டதாம்.

யாவோ மரம் இந்த வருடம் நிறையக் காய்த்திருக்கிறது, தொழுவத்துக்குப் பின்னால் நிற்கிறதே அது. எண்ணெய்க்குக்கூட யாரும் பொறுக்குவதில்லை. காய் விழுந்து அழுகுகிறது.

ஙாகிபி என்றால் என்ன, அண்ணா? போன கடிதத்திலும் கேட்டேன். அதை மட்டுமாவது எழுது.

உன் தங்கை,
அதேரோ


கம்பாலா,
22 மே 1988

அன்புள்ள அதேரோவுக்கு,

எல்லோரும் நலம்தானே? நான் தூங்கி நான்கு நாளாகிறது, ஆனால் சந்தோஷத்தில்.

மாணவர் விடுதியின் காவல்காரர் லோகிரு ஜியே இனத்தவர், கரமோஜாப் பக்கம். உன் நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இதை யாரு உங்களுக்குச் சொன்னது? இது எங்க வீட்டுப் பேச்சுய்யா" என்றார். பதினொன்றில் ஒன்பதுக்குப் பொருள் சொல்லிவிட்டார். அதில் இரண்டு சொல் நம் மழைப்பாட்டில் இருக்கின்றன! நம் பாட்டைப் பாடிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அம்மாவுக்கு அவர்களும் தோதோதான். மொழியே போன பிறகும் அந்த ஒரு சொல் போகவில்லை பார், பிள்ளைகள் வாயில் இருந்து பிடுங்க முடியாத சொல்.

கிழக்கே போயிராத ஒரு பெண்ணின் வாயில் நம் பழைய மொழி எழுந்து வருகிறது. ரத்தத்துக்குள் படுத்திருந்தது விழித்துக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன். பேராசிரியர் கட்டுரையாக எழுதச் சொல்லிவிட்டார். அதற்கு முன்பே வானொலியில், நம் மொழி நிகழ்ச்சியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூன் ஒன்பது, வியாழன், மாலை நான்கு மணி. கடைவீதியில் வானொலி இருக்கிறதல்லவா? எல்லோரும் போய்க் கேளுங்கள். அந்தப் பெண்ணையும் அழைத்துப் போ. பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம் என்று சொல்.

மைத்துனருக்கு ஒரு சட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
எங்குர்


ஒலிலிம்,
19 ஜூன் 1988

மதிப்புக்குரிய மைத்துனர் எங்குர் அவர்களுக்கு,

ஒக்விர் வணக்கம் சொல்லி எழுதுவது. நான் சொல்லச் சொல்லத் தங்கை அகுல்லு எழுதுகிறாள். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதினால் பொய்யாகும்.

தங்கள் வானொலிப் பேச்சைக் கேட்கக் கடைவீதிக்கு ஊரே வந்திருந்தது. ஒரு வாரமாக அதேரோ வீடு வீடாகப் போய் "எங்கண்ணன் பேசறான்" என்று சொல்லியிருந்தாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தாங்கள் நன்றாகத்தான் பேசினீர்கள். ஒதுகேப் பக்கத்தில் ஒரு பெண் வாயில் நம் பழைய மொழி வருகிறது என்றீர்கள். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி வந்தீர்கள். ஙாகிபி என்றால் தண்ணீர் என்றீர்கள்.

அவள் அகுல்லுவைப் பார்த்து, "என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

"தண்ணியாம், அண்ணி" என்றாள் இவள்.

அதேரோ எழுந்தாள். வீட்டுப் பக்கம் நடந்தாள். பேச்சு முடிந்து நான் வீடு வந்து சேரும்போது, வீட்டில் இருந்த அத்தனை குடத்துத் தண்ணீரையும் கொண்டுபோய் யாவோ மரத்தடியில் ஊற்றியிருந்தாள். கிணற்றுக்கும் மரத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். நான் போய்க் கையைப் பிடித்தேன். அன்றிலிருந்து அவள் பேசவில்லை. பத்து நாளாகிறது. மதியத்தில் மட்டும் அந்தப் பேச்சு வருகிறது.

ஆமாம் மைத்துனரே, தாங்கள் கேட்டுக் கேட்டு எழுதிய அந்தப் பெண் தங்கள் தங்கைதான்.

ஏன் அந்த மரத்தடியில் என்று என்னைக் கேட்க வேண்டாம். அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. குலக் கூட்டத்தில் என் பெரியப்பா எழுந்து கேட்டார்: "மாட்டை ஓட்டிட்டுப் போனவன் நமக்குத் தம்பியாம். உன் மச்சான் வானொலில சொல்றான். அப்ப நாம யாருடா, மாடா?" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அவர் மகன்கள் இருவரும் அந்த மாடுகளின் பின்னால் ஓடிச் செத்தவர்கள். களை எடுக்க எங்கள் நிலத்துக்கு இப்போது யாரும் வருவதில்லை. அவள் கிணற்றுக்குப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுகிறார்கள். ஆவி போகும்வரை அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பு என்கிறார்கள். பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது தாங்கள் ஒருவர்தான்.

முடிந்தால் வாருங்கள்.

ஒக்விர்


கம்பாலா,
30 ஜூன் 1988

அதேரோ,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீ இரண்டு கடிதத்திலும் கேட்ட ஒரு சொல்லுக்கு நான் பதில் எழுதவில்லை. மறந்துவிட்டேன். பொருள் எனக்கு மே மாதமே தெரியும். உனக்கு எழுதாமல் ஊருக்கே சொன்னேன். நீ ஏன் அந்தச் சொல்லையே கேட்கிறாய் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும்.

புறப்பட்டு வந்தேன். சோதனைச் சாவடியில் ராணுவத்தினர் பேருந்தைத் திருப்பிவிட்டார்கள். வடக்கே சண்டை நடக்கிறது, சாலை எப்போது திறக்கும் என்று தெரியாது என்றார்கள். இரண்டு நாள் அங்கேயே சாலையோரத்தில் கிடந்துவிட்டுத் திரும்பினேன்.

அன்று என்ன நடந்தது? மாடுகள் போன அன்று நீங்கள் எல்லோரும் சதுப்புக்குள் ஓடி ஒளிந்ததாகத்தானே எழுதியிருந்தாய்? எதுவாக இருந்தாலும் எனக்கு எழுது. நான் நோட்டில் எழுதிக்கொள்ள மாட்டேன்.

அண்ணன்


கம்பாலா,
21 ஆகஸ்ட் 1988

அன்புள்ள அதேரோவுக்கு,

இது நான் எழுதும் நான்காவது கடிதம். முந்தியவை வந்தனவா? மைத்துனருக்கு எழுதியதற்கும் பதில் இல்லை. சாலை இன்னும் திறக்கவில்லை. வெற்றுத் தாளாவது அனுப்பு. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

அண்ணன்


ஒலிலிம்,
25 செப்டம்பர் 1988

அன்புள்ள அண்ணனுக்கு,

சாலை அடைபட்டிருந்தாலும் உன் கடிதங்கள் எல்லாம் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தன. அகுல்லு வாசித்துக் காட்டினாள். உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? எனக்குப் பேச்சு வந்துவிட்டது. மாடுகள் போய் நேற்றோடு ஒரு வருடம். நேற்றுதான் வந்தது. ஒகெங் அடுப்புப் பக்கம் ஓடினான், "டேய்" என்று கத்தினேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் சதுப்புக்கு ஓடவில்லை. அது உனக்கு நான் எழுதிய பொய்.

அன்றைக்கு மதியம் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஆண்கள் மாடுகளின் பின்னால் ஓடினார்கள். பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு சதுப்புக்கு ஓடினார்கள். மூத்த பிள்ளைகள் இருவரையும் அகுல்லுவோடு அனுப்பினேன். ஒகெங்குக்குத் தட்டம்மை. உடம்பு கொதித்தது. அந்த வெயிலில் தூக்கிக்கொண்டு ஓடினால் வழியிலேயே போய்விடுவான் என்று தோன்றியது. எள் அரைக்கிற கொட்டகையில் நிழல் இருந்தது. அவனை அங்கே கிடத்தி, குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துணியை நனைத்து நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது அவன் வந்தான். தவழ்ந்து வந்தான். தொடையில் குண்டு. துப்பாக்கியை எங்கோ போட்டுவிட்டிருந்தான். இருபது வயதுகூட இருக்காது, அண்ணா. கழுத்தில் மணிக்கயிறு. கொட்டகை வாசலில் வந்து சாய்ந்தான். நான் மண்வெட்டியைக் கையில் எடுத்தேன். அவனுக்கும் ஒகெங்குக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

அவன் என்னைப் பார்த்து "தோதோ" என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் பேச்சுத் தெரிந்தவன் என்று நினைத்தேன். "யாரு நீ?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. பிறகு ஙாகிபி என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். கூட்டாளியைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். சாபம் விடுகிறான் என்றும் நினைத்தேன். வெயில் சாயும்வரை சொன்னான். கடைசியில் சத்தம் இல்லை, உதடு மட்டும் அசைந்தது. வெளிச்சம் போகும்முன் செத்துப்போனான்.

அத்தனை நேரமும் நான் பிள்ளையின் துணியை நனைத்துக்கொண்டே இருந்தேன். அவன் முன்னாலேயே.

அவர் திரும்பி வந்ததும் இருவருமாகத் தொழுவத்துக்குப் பின்னால் யாவோ மரத்தடியில் புதைத்தோம். ஒருவரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் ஊர்க்காரர்கள் தோண்டி எடுத்து என்ன செய்வார்களோ. அவன் ஆட்கள் அறிந்தால் பழிக்கு வருவார்களோ.

நேற்றுப் பேச்சு வந்ததும் அகுல்லுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் தேற்றுவதற்காக, "உனக்குத்தான் அந்த வார்த்தை தெரியாதே அண்ணி, நீ என்ன பண்ணுவ?" என்றாள். நீயும் அப்படித்தான் எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். எழுதாதே. மொழி தெரியாமல் நடந்தது என்று ஒருநாளும் எழுதாதே. அவன் கண் என்னைப் பார்க்கவில்லை, அண்ணா. என் தோளுக்குப் பின்னால் பார்த்தது. அங்கே குடம் இருந்தது. அவன் உதடு வெடித்திருந்தது. அது புரிய ஒரு மொழியும் வேண்டியதில்லை.

எனக்குப் புரிந்ததா, புரியவில்லையா என்று ஒரு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உன்னிடம் அந்தச் சொல்லைக் கேட்டேன். அது வேறு ஏதாவதாக இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

அவர் களைத்துப் போய்விட்டார். பயறு மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

அதேரோ


கம்பாலா,
6 நவம்பர் 1988

அன்புள்ள அதேரோவுக்கு,

உன் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். நீ எழுதாதே என்றதை எழுதவில்லை.

லோகிருவிடம் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. ஆனால் வேறு யாரிடம் போவேன்? வாயிலில் அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முழுக்கக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவைத் திறந்து ஒரு வண்டியை உள்ளே விட்டார். திரும்பி வந்து, "அவங்கம்மாவுக்குத் தெரியாதே. அவ இன்னும் பாதையப் பாத்துக்கிட்டு இருப்பா" என்றார். பிறகு மணிக்கயிறு என்ன நிறம் என்று கேட்டார். அதில் குடும்பம் தெரியுமாம். மைத்துனருக்கு நினைவிருக்குமா?

டிசம்பரில் சாலை திறக்கும் என்கிறார்கள். திறந்ததும் நானும் அவரும் வருகிறோம். உன் குலத்துப் பெரியவர் முன்னால் நான் நிற்க வேண்டும். அவர் மகன்களை மறந்துவிட்டு நான் பேசினேன். அவர் என்னை என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றை மறைக்க முடியாது. கட்டுரையைத் திரும்பக் கேட்டேன். அச்சாகிவிட்டது. பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் அந்தப் பதினொரு சொற்களும் இருக்கின்றன. எதிர்மேசைக்காரர் கையைக் குலுக்கினார். எனக்குக் கையைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

உன் அண்ணன்


ஒலிலிம்,
26 பிப்ரவரி 1989

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ கொண்டுவந்த சட்டை அவருக்குக் கொஞ்சம் பெரிது. ஆனாலும் கழற்ற மாட்டேன் என்கிறார். பெரியப்பா முன்னால் நீ மண்டியிட்டதைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். அவர் அப்படியே எழுந்து போனார் அல்லவா? நீ கிளம்பிய வாரம் அவர் மருமகள்கள் எங்கள் நிலத்தில் வந்து களை எடுத்தார்கள். அவர் அனுப்பினாரா என்று நான் கேட்கவில்லை.

உன் மைத்துனர் கூரையில் செருகி வைத்திருந்த மணிக்கயிற்றை எடுத்துக் கொடுத்தபோது நீ என்னைப் பார்த்தாய். எனக்கும் அது அன்றுதான் தெரியும். ஒரு வருடம் அதன் கீழேதான் படுத்திருந்திருக்கிறோம்.

லோகிரு அதை எடுத்துக்கொண்டு கிழக்கே போனவர் ஜனவரி கடைசியில் திரும்பினார். தாயைக் கண்டுபிடித்துவிட்டார். வறண்ட ஆற்றங்கரையில், எல்லைச் சந்தை கூடும் இடத்துக்கு அவள் வருகிறாள் என்றார். உன் மைத்துனர் என்னைப் போக வேண்டாம் என்றார். "வெட்டிப் போட்டா யாரு கேக்கறது?" என்றார். நான் நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் வந்துகொண்டிருந்தார். இரண்டு நாள் நடை.

அவள் ஒரு முள்மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கிழவியாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். என்னைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும். மணிக்கயிறு கையில் இருந்தது. அழவில்லை. அவள் பேசியதை லோகிரு நம் பேச்சில் சொன்னார்: "அவன் ஏதாவது சொன்னானான்னு கேக்கறா."

"உங்களைக் கூப்பிட்டான்" என்றேன். சொன்னார். அவள் கண்ணை மூடித் திறந்தாள். "வேறென்ன?" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குடத்தைச் சொன்னேன், துணியைச் சொன்னேன், தண்ணீர் கேட்டான் நான் கொடுக்கவில்லை என்றேன். லோகிரு என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் ஏதோ சுருக்கமாகச் சொன்னார். அவர் சொன்னதில் அந்தச் சொல் இல்லை, அண்ணா. அவர்கள் பேச்சில் எனக்குத் தெரிந்த ஒரே சொல், அது அவர் வாயில் வரவில்லை. அவர் நல்ல மனிதர். எங்கள் இருவர் மேலும் இரக்கப்பட்டு மாற்றிச் சொல்லிவிட்டார்.

அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், நன்றி சொல்வதுபோல.

என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்தேன். "தோதோ" என்றேன். "ஙாகிபி" என்றேன். என் இரண்டு கையையும் விரித்து வெறும் கை என்று காட்டினேன். லோகிரு "வேணாம்மா" என்றார். நான் இன்னொரு முறையும் காட்டினேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. உன் மைத்துனர் பின்னாலிருந்து ஓரடி முன்னே வைத்தது எனக்குக் கேட்டது. அவள் எழவில்லை. என் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தையில் யாரோ ஆட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு ஏதோ கேட்டாள். லோகிரு என் பக்கம் திரும்பினார். "உன் புள்ள பொழச்சானான்னு கேக்கறா" என்றார்.

"பொழச்சான்" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னை மன்னித்தாளா என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அவள் மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்முன் அவன் பெயரைச் சொன்னாள். என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். தவறாகச் சொன்னேன், திருத்தினாள். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறை சரியாக வந்ததும் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் கிழக்கே நடந்தாள்.

மதியத்தில் நான் இன்னும் பேசுவதாக அகுல்லு சொல்கிறாள். இப்போது ஒரே ஒரு சொல்தானாம். அது எனக்கும் கேட்கிறது. அவன் பெயர்தான்.

நீ கேட்பாய் என்று தெரியும். அதை மட்டும் உனக்கு எழுத மாட்டேன், அண்ணா. லோகிருவிடமும் கேட்காதே. அதற்கு என்ன பொருள், நம் சொல் எதோடு அது சேரும் என்று எனக்குத் தெரிய வேண்டாம். எல்லா மொழியும் தெரிந்த உனக்கு ஒரு சொல் மட்டும் தெரியாமல் இருக்கட்டும்.

மழைக்குமுன் ஒருமுறை வந்துவிட்டுப் போ. வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
அதேரோ